கை வைத்த விளம்பரங்கள்

பேனர் கடையில் வாடிக்கையாளர் சொல்வது ஒன்று, அவர் மனதில் இருப்பது ஒன்று, கடைசியில் ரோட்டோரம் தொங்குவது மூன்றாவதாக ஒன்று. பழி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில். உங்களில் யாராவது கல்யாணப் பத்திரிகை அடிப்பவராகவோ, ஜாக்கெட் தைப்பவராகவோ இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலி பஜாரில் உள்ள ஒரு பேனர் கடையில் இரண்டு வருடமாக நான் டிசைனர். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் என் பெயரே எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். முகம் காட்டாமல் ஊரோடு பேசலாம் என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப் போனது.

மூன்று வகை பேனர்

அப்பா சுரங்கத்தில் சர்வே பிரிவில் பெர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து முப்பது வருடம் ஆகியும் இன்னும் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். நான் வேலைக்குப் போகிறேன் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நிலம் அளக்கிற மாதிரி அளந்து ஓர் அனுமதி கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி ஆகிய மூன்றுக்கு மட்டும் பேனர் செய்யலாம். துணிக்கடை, கண்ட கண்ட படம் என்று ஏதாவது காதில் விழுந்தால், அன்றைக்கே சென்னையில் அத்தை வீட்டுக்குப் போய் பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

முதல் வாரமே இதை முதலாளி செந்தில் அண்ணனிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். குறிஞ்சிப்பாடிக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "துணிக்கடைய விட்டுட்டா, ஊர்ல யாரு எப்ப சாவாங்கன்னு பாத்துக்கினு உக்காந்திருக்கணும் தங்கச்சி."

கை வைங்க

அப்படித்தான் அப்பாவுக்குத் தெரியாமல் துணிக்கடை வேலைகளும் என் மேசைக்கு வந்தன. தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் பட்டுப் புடவை விளம்பரத்துக்குப் படம் அனுப்பியிருந்தார். கை இல்லாத ஜாக்கெட் போட்ட பெண். வலது கை இடுப்பில், இடது கை புடவைக்குப் பின்னால். நான் சாப்பிடப் போயிருந்தபோது அவர் போனில் சொன்னதை, செந்தில் அண்ணன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேசையில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். 'பொண்ணுக்கு கை வைக்கணும். இல்லன்னா நம்ம ஊருக்கு ஒத்து வராது.'

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு கைதான் தெரிகிறது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வேறொரு படத்திலிருந்து வளையல் போட்ட ஓர் இடது கையை வெட்டி எடுத்து, தோள் நிறத்துக்குப் பொருத்தி, நிழல் கொடுத்து, அரை நாள் மெனக்கெட்டு ஒட்டினேன். என் வேலையில் அவ்வளவு சுத்தமாக எதுவும் அமைந்ததில்லை.

கடைக்காரர் நேரில் வந்து வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, ஜாக்கெட்டுக்குக் கை வைக்கச் சொன்னா, பொண்ணுக்கே வெச்சிருக்கியே!" என்றார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஜாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் முழங்கை வரை துணி ஏற்றிக் கொடுத்தேன். புதுக் கையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு அவசரமாகத் தடுத்தார். "இருக்கட்டும்மா, இருக்கட்டும். அந்தக் கையில நம்ம கடைப் பேரு போட்ட பை ஒண்ணு குடுத்துடு."

பனியன்காரர்

பெண்களைப் போர்த்தச் சொல்லி வாரம் ஒருவராவது வருவார். ஆனால் உள்ளாடைக் கம்பெனி அனுப்பும் ஆணைப் போர்த்தச் சொல்லி இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை. வயிற்றில் ஆறு கட்டோடு, இடுப்பில் ஒரு சாணுக்கு மேல் எதுவும் இல்லாமல் அவர் அச்சு மெஷினிலிருந்து மெதுவாக இறங்கி வருவார். நான் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஏதாவது பஸ் போகிறதா என்று பார்ப்பேன்.

ஒருநாள் அவர் முழங்கால் வரை இறங்கியிருந்தபோது, சேத்தியாத்தோப்பிலிருந்து ஓர் அக்கா தன் டிபன் கடைக்கு பேனர் அடிக்க வந்தார். பார்த்தார். திரும்பிக்கொள்ளவில்லை. தலைமுதல் கால்வரை நன்றாகவே பார்த்தார்.

"இது இன்னா வெளம்பரம்ங்க?"

"பனியன் ஜட்டிக்குங்க" என்றேன், ஜன்னலைப் பார்த்தபடி.

"அரசாங்கம் தடை போடணும்ங்க இதுக்கு" என்றார். ஆபாசம் என்கிறாராக்கும் என்று நான் தலையாட்டினேன். அவர் கோபம் வேறாக இருந்தது. "எங்க வூட்டுக்காரரு பாஞ்சு வருஷமா இதே கம்பெனிதான் போட்டுக்கினு இருக்காரு. ஒருநாளாவது இந்த மாதிரி இருந்திருக்காரா? பச்சப் பொய்யி!"

திரும்பிப் பார்க்காமல்

பஸ் ஸ்டாப் எதிரே புதிதாக ஒரு மாடர்ன் டிரெஸ் கடை திறந்தார்கள். வந்த படத்தில் பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். உடையின் பின்பக்கம் கழுத்தில் ஒரு முடிச்சு, அடுத்த துணி இடுப்பில்தான். கடைக்காரர் படத்தில் கை வைக்கவே கூடாது என்றார். அதோடு, நச்சென்று ஒரு வரி வேண்டும் என்றார். அவள் திரும்பி நிற்கிறாளே என்று நான் எழுதினேன்: 'திரும்பிப் பார்க்காமல் போக முடியுமா?'

எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு மேலே இருபது அடியில் அது ஏறிய மூன்றாம் நாள், அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு தாளை நீட்டினார். எங்கள் பிளாக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். 'பெண்களை இழிவுபடுத்தும் ஆபாச ஆடை விளம்பரங்களை அரசு உடனே தடை செய்ய வேண்டும்' என்று மனு. எடுத்துக்காட்டாக, பஸ் ஸ்டாப் பலகை. நான் அதை டைப் செய்து தர வேண்டுமாம்.

உட்கார்ந்து டைப் செய்தேன். என்மேலேயே ஒரு புகாரை நானே எழுத்துப்பிழை பார்த்து, பக்க எண் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தபடி தாளை வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "எந்த வீட்டுப் பிள்ள செஞ்சுதோ. பாவம், அதுக்கும் ஒரு அப்பன் இருப்பான்லா."

சங்கத்து பேனர்

அதோடு விடவில்லை. சங்கத்தார் ஒரு கண்டன பேனர் வைக்க முடிவு செய்து எங்கள் கடைக்கே வந்தார்கள், அப்பாவும் கூட. 'தடை செய்! தடை செய்!' என்று எழுதினால் போதும் என்றார் அப்பா. சங்கத் தலைவர் ஒப்பவில்லை. எதைத் தடை செய்யச் சொல்கிறோம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்றார். எனவே படமும் வேண்டும். மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"படம் நம்மகிட்டயே கீதுங்க சார், நம்ம தங்கச்சிதான்..." என்று செந்தில் அண்ணன் ஆரம்பித்தார். என் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. தானாக விழவில்லை. அது உருண்டு ஓடி முடிப்பதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "நம்ம தங்கச்சிதான் தேடிக் கண்டுபுடிக்கணும்" என்று முடித்தார்.

பழைய பலகையில் அதற்குள் கரித்தூசி படிந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே ஏறிய சங்கத்தின் பேனர் புத்தம் புதுசு, இருமடங்கு பளபளப்பு. பெருக்கல் குறியை முதுகுக்கு நடுவில் போட மனம் வராமல் ஓரமாகப் போட்டிருந்தேன். அடுத்த நாள் அதன் கீழே கூட்டம் நின்றது. எதிர் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "கடைக்காரன் போர்டுல ஒண்ணும் சரியாத் தெரியலீங்க. சங்கத்துக்காரங்க போர்டுலதான் நல்லாத் தெரியுது."

எத்தனை அங்குலம்?

மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சமுதாயக் கூடத்தில் முப்பது பேர். நான் மினிட்ஸ் எழுத அழைக்கப்பட்டிருந்தேன். வாய் திறக்க வேண்டியிருக்காது என்று அம்மா சொன்னதால் போனேன்.

அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "தடை போடணும்னா அளவு வேணுமே. எங்க ஆரம்பிச்சா ஆபாசம்?" என்றார். அளவு என்றதும் அப்பாவுக்கு உற்சாகம். கழுத்துக்குக் கீழே நாலு அங்குலம் வரை இருக்கலாம் என்றார். முன்பக்கமா பின்பக்கமா என்றார் ஒருவர். பின்பக்கம் ஆறு என்றார் தலைவர். "அப்ப என் ஜாக்கெட் எட்டு சார்" என்று பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்தார். கூடம் கூரையைப் பார்த்தது. சேலையில் இடுப்பு தெரிகிறதே என்று யாரோ கேட்க, அது பண்பாடு என்று யாரோ சொல்ல, பண்பாடு எத்தனை அங்குலம் என்று அதிகாரி கேட்டார். நான் எல்லா அளவுகளையும் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்தால் தையல் கடை நோட்டு மாதிரியே இருந்தது.

கடைசி வரிசையில், கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் வள்ளி அக்கா கையைத் தூக்கினார். அவர் மகள் கல்லூரிக்கு அந்த ஸ்டாப்பில்தான் பஸ் ஏற வேண்டும். பலகை வந்ததிலிருந்து அங்கே நிற்கிற பையன்கள் போகிற வருகிற பெண்களையெல்லாம் பார்த்து அந்த வரியைக் கத்துகிறார்களாம். ஒரு வாரமாக மகள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறாள். "முதுகு அளவ நீங்க மெதுவா பேசிக்கினு இருங்க சார். அந்த எழுத்த மட்டும் இன்னைக்கே எடுத்துடுங்க, எம் பொண்ணு பஸ் ஏறணும்."

சத்தமாகச் சொல்லுங்கள்

என் பேனா நின்றுவிட்டது. அந்த வரியை எழுதியபோது படத்தில் இருப்பவளைத்தான் நினைத்தேன். பலகைக்குக் கீழே யார் நிற்பார்கள் என்று நினைக்கவே இல்லை. சென்னையும் அத்தையும் பேங்க் பரீட்சையும் கண்முன் வந்தன. எழுந்து நின்றேன்.

"அது நான் எழுதினது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார் அதிகாரி. மறுபடி சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள் பின்வரிசையில். செய்த தப்பை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட உரக்க ஒப்புக்கொள்ள நேர்ந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். இன்றைக்கே அந்த வரியை மாற்றிவிடுகிறேன் என்று வள்ளி அக்காவைப் பார்த்துச் சொன்னேன். மனு மேலிடத்துக்குப் போகும் என்றார் அதிகாரி. டிரெஸ் கடைக்காரருக்குப் படம் தப்பியதே போதும் என்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் செந்தில் அண்ணன் ஏணி போட்டு ஏறி, அந்த வரிமேல் புது வரியை ஒட்டினார்: 'பார்க்கிங் வசதி உண்டு.' அதை வைத்து எந்தப் பையனும் எந்தப் பெண்ணையும் கிண்டல் செய்ய முடியாது. நான் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

திரும்பும்போது அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிளாக் திருப்பம் வந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஏட்டி, போர்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"எப்படிப்பா?"

"'திரும்பி'க்கு அடுத்து 'ப்' போட்டிருந்துச்சு. இந்த ஊர் போர்டுல ஒத்தெழுத்து போடுதவ உன்ன விட்டா யாரு இருக்கா?"

அப்படியானால் என்னையே கேட்டிருக்கலாமே, மனு எதற்கு, பேனர் எதற்கு, முப்பது பேர் கூட்டம் எதற்கு என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வயசுக்கு வந்த பிள்ளகிட்ட முதுகு, துணின்னு எப்படிட்டிப் பேச? கூச்சமா இருந்துச்சு. அதான் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டேன்."

அரசாங்கம் தடை போடுமா போடாதா என்பது இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. நான் எழுதும் துணிக்கடை வரிகள் மட்டும், அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, காபி குடித்து, படத்தின் பக்கம் பார்வையே போகாமல் எழுத்தை மட்டும் படித்துத் தலையாட்டிய பிறகே அச்சுக்குப் போகின்றன.