மாமா துப்பிய தோல்

பல்லுக்கிடையில் ஏலக்காய் உடைகிற சத்தம் மிகச் சின்னது. மாமா கடித்தால் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று அப்பா கேலி செய்வார். உள்ளங்கையில் நாலைந்து காயை உருட்டிப் பார்ப்பார் மாமா. ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். விதையை நாக்கில் வாங்கிக்கொண்டு தோலை ஓரமாகத் துப்புவார். தோல் தரையில் விழுந்த பிறகுதான் தீர்ப்பு வரும். பெரும்பாலும் திட்டாகத்தான் வரும். "இதைப் போயி காயின்னு கொண்டாந்துட்டியே மச்சான், வைக்கோலை மென்ன மாதிரி இருக்கு" என்பார். அப்பா சிரிப்பார். நல்ல காய் என்றால் மாமா எதுவுமே சொல்லாமல் இன்னொன்றை எடுத்துக் கடிப்பார். அதுதான் பாராட்டு.

மாமா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அவர் முஸ்லிம், நாங்கள் இந்துக்கள். போடியில் அவருடைய ஏலக்காய்க் கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அப்பாவும் அவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே மச்சான் போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மருமகள், கூப்பிடுவது ஆத்தா என்று. போடிமெட்டுக்குக் கீழே சரிவில் எங்களுக்குச் சின்னத் தோட்டம் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் முதலில் எடுத்து உலர்த்திய காயில் ஒரு கைப்பிடி மாமாவிடம் போகும். அவர் கடித்துத் துப்பித் திட்டின பிறகுதான் எங்கள் வீட்டில் அந்த வருட வியாபாரம் தொடங்கியதாகக் கணக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் துப்பல் விஷயம் விளங்காது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குப் பச்சைப்பசேலென்று இருக்கிற காய் வாயில் ஏமாற்றிவிடும். புகை பிடித்திருக்கும், சூடு ஏறிக் கருகியிருக்கும். அதனால் வாங்குகிறவர், விற்கிறவர், தரம் பிரிக்கிற பெண்கள், லோடு ஏற்றுகிற அண்ணன்மார் எல்லோரும் ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள். கடித்ததை யாரும் குவியலில் திரும்பப் போடுவதில்லை. தோல் தரையில் விழும், சாயங்காலம் பெருக்கித் தள்ளுவார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரும் துப்புவார். நானும் துப்புகிறேன். எங்கள் தொழிலில் மூச்சு விடுகிற மாதிரி இது.

மாமாவுக்கு அடக்கிப் பேசத் தெரியாது. மெட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஜீப்பில் மூட்டை மாதிரி அடுக்கி ஏற்றுகிறார்கள் என்று தோட்டக்காரர்கள் கூடிய இடத்திலேயே சண்டை பிடித்தவர். அந்தத் தோட்டக்காரர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்பா போன பிறகு நான் கடையில் உட்கார்ந்தேன். முதல் முறை ஏல மண்டபத்துக்குப் போனபோது, பொம்பளை எதற்கு இங்கே என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். மாமா எழுந்து நின்றார். "எம் மருமக வந்திருக்கு. பிடிக்காதவன் வெளிய போயி டீ குடிச்சுட்டு வா" என்றார். ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த நடுக்கம் அந்தக் குரலில்தான் நின்றது.

அந்தக் குரல்தான் அவருக்கு வினையாக வந்தது. பழைய காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புதுக் காயாக விற்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சங்கக் கூட்டத்தில் ஒருநாள் மாமா அதை வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். "சாயத்தைத் திங்கக் குடுக்குறோம்ணே. புள்ளைங்க பாயசத்துல போடுற காயி. யாரு செய்றாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நிறுத்தலைன்னா அடுத்த கூட்டத்துல பேரைச் சொல்லிப் பேசுவேன்" என்றார்.

அடுத்த கூட்டம் வருவதற்குள் அந்த வீடியோ வந்துவிட்டது. மாமாவின் கடை, மாமாவின் தொப்பி, வெள்ளைத் தாடி, முன்னால் ஏலக்காய்க் குவியல். குனிகிறார், வாயிலிருந்து என்னவோ துப்புகிறார். தோல் விழுகிற தரை தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். கோயில் பிரசாதத்துக்குப் போகிற ஏலக்காயில் இவர்கள் எச்சில் துப்புகிறார்கள், பகிருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. ராசிங்காபுரத்தில் இருக்கும் என் சித்தி மகளே அதை எனக்கு அனுப்பினாள். அது மாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கல்யாணத்தில் பந்தி விசாரித்த மனிதர். தொப்பியும் தாடியும் கண்ணில் பட்டதும் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு. யார் என்று நான் சொன்னதும் அழுதாள். அதற்குள் அது இந்தி எழுத்து போட்டுக்கொண்டு எங்கெங்கோ போயிருந்தது.

எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? ஊர் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு ஆறவில்லை. வடக்கே இருந்து சரக்குக் கேட்டவர்கள் போனை எடுப்பதை விட்டார்கள். சரக்கு வைக்கிற அவர் கிட்டங்கியில் பல வருடமாகத் தரம் பிரித்த அக்கா ஒருவர், "வீட்டுல பயலுக வேணாங்கிறாங்க பாய்" என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார். அதுவரை அவர் மாமாவை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அந்த அக்கா தன் வாழ்நாளில் துப்பிய தோலைச் சேர்த்தால் ஒரு சாக்கு நிறையும்.

ஆதரவாகப் பேசியவர்களும் இருந்தார்கள். "பாய் மத்தவங்க மாதிரி இல்லப்பா, தங்கமான மனுசன்" என்றார்கள். நான் அதை மாமாவிடம் ஆறுதலாகப் போய்ச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். "மத்தவங்கன்னா யாரு ஆத்தா? எந் தம்பியா? உன் மாமியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேர் சொல்லத்தான் வந்தார். எழுந்து நின்றதுமே தலைவர் கையைக் காட்டினார். "மொதல்ல அந்த வீடியோவுக்கு ஒரு விளக்கம் சொல்லுங்க பாய். சங்கத்துக்கே கெட்ட பேரு" என்றார். சொல்லும்போதே மேசையிலிருந்த மாதிரிக் காயில் ஒன்றை எடுத்துக் கடித்து, தோலைத் தன் காலடியில் துப்பினார். சத்தியமாகத் துப்பினார். அவருக்கே அது தெரியவில்லை.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "எல்லாரும் குனிஞ்சு உங்க காலுக்கடியில பாருங்க" என்று கத்தினேன். தரை முழுக்கத் தோல். எது யார் வாயிலிருந்து வந்தது, அவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று அந்தத் தோலில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். ஒருத்தரும் தலை தூக்கவில்லை. "நீ உக்காரு ஆத்தா, உனக்கெதுக்கு இந்தச் சோலி" என்றார் தலைவர், பாசமாகவே. நான் பேசினால் அதற்குப் பெயர் சோலி. மாமா பேசினால் அதற்குப் பெயர் திமிர். அந்த நேரத்தில் பின்வரிசையில் ஒரு கை போனை உயர்த்திப் பிடித்தது. பிறகு இன்னொன்று. மாமாவின் வாய்க்கு நேராகத்தான் பிடித்திருந்தார்கள்.

மாமா அந்தப் போன்களைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பெயர்கள் நாக்கு நுனியில் நின்றது எனக்குத் தெரியும். பிறகு வாயை மூடினார், உட்கார்ந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ஆத்தா. நீ பேசுறதையும் எங் கணக்குலதான் எழுதுவாங்க. நான் ஒண்ணு சொன்னா நான் சொன்னதா இருக்காது, நாங்க சொன்னதா இருக்கும். வீட்டுல பேரப்புள்ளைங்க இருக்கு" என்றார். அவர் மேல் யாரோ போலீஸில் மனுக் கொடுக்க, அங்கே கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்தவர் நல்லவிதமாகவே பேசினாராம், கொஞ்ச நாளைக்கு எதுவும் பேசாமல் இருங்கள் பெரியவரே, உங்களுக்கு நல்லது என்றாராம்.

நம் நாட்டில் யாரும் எதையும் பேசலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மாமாவைப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு வீடியோ, சில போன்கள், ஊரின் மௌனம், இவ்வளவு போதுமாக இருந்தது. அதன் பிறகு மண்டபத்தில் மாமா காயை மோந்து மட்டும் பார்த்தார், கடிக்கவில்லை. கடிக்காத வியாபாரி எத்தனை நாள் தாங்குவார்? கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். சாயக்காய் இன்றும் விற்கிறது. அதைப் பற்றி இப்போது கூட்டத்தில் ஒருவரும் பேசுவதில்லை.

இந்த வருடம் முதல் காய் எடுத்தபோது உலர்த்துகிற இடத்தில் சூடு ஏறி ஒரு பகுதி கருகிவிட்டது. நான் வேண்டுமென்றே அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனேன். வாயில் வைக்க முடியாத காய். கண்டிப்பாகத் திட்டுவார் என்று நினைத்தேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு தடவை திட்டட்டும், அது போதும் எனக்கு.

மாமா கூடத்து நாற்காலியில் இருந்தார். காயை வாங்கிப் பழையபடி உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றை எடுத்து முன்பல்லில் கடித்தார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. முகம் ஒரு கணம் சுளித்தது. இதோ வருகிறது என்று காத்திருந்தேன். என் போன் நடுவில் இருந்த மேசைமேல் கிடந்தது. மாமாவின் கண் அதன்மேல் போய் நின்றது. அவர் வீடு, அவர் கூடம், எதிரில் இருப்பது நான்.

தொண்டை ஏறி இறங்கியது. தோலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

"நல்லாருக்கு ஆத்தா" என்றார்.