தொட்டிச் சுவரின் சிவப்பு

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. மழைநீர் பிடிக்கக் கட்டியது. மழைக்காலத்தில் தண்ணீர் பச்சையாக இருக்கும். வெயிலில் வற்றினால் உள்சுவர் முழுக்கக் குங்குமத்தைக் கரைத்துப் பூசியதுபோல் சிவந்துவிடும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசர காலம் போட்டிருந்த சமயம் அது. கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, மாலையானால் ஊரடங்கு. புருஷன் வெளியே சுற்ற முடியாதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவரோ, மலேரியா ரத்தம் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிரமாட்டார். "பச்சையா நீந்திக்கிட்டிருந்த பாசிதான் புள்ள, இப்படி உருண்டு செவந்து கெடக்கு. வெயில் கொல்லாம இருக்கத் தானே சாயம் செஞ்சுக்குது. நல்ல மழத்தண்ணி குடுத்தா மறுபடி பச்சையாயிரும்" என்பார். நான் கட்டியிருந்ததும் சிவப்புப் புடவைதான். அதை அவர் பார்த்ததாக நினைவில்லை.

ஒருநாள் அந்தச் சிவப்பைப் போத்தலில் எடுத்துக்கொண்டு டவுன் டாக்டரிடம் காட்டப் புறப்பட்டார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாதென்று, வேலி வாசலில் சோற்றுச் சட்டியைக்கூடக் கிளறிப் பார்த்த காலம். மருந்து கடத்துகிறார் என்று பிடித்துவிட்டார்கள். குற்றம் உறுதியானால் சிறைதான். விஷயம் தெரிந்ததும் அவிழ்ந்த கூந்தலைக்கூட முடியாமல் வேலி வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்த தமிழ் போலீஸ் சார்ஜன் போத்தலைத் தூக்கிக் காட்டி, "இது என்ன மருந்து?" என்றார்.

"மருந்து இல்லைங்கய்யா, பாசி. வெயிலுக்குச் செவந்திருக்கு. மழத்தண்ணி ஊத்தி நெழல்ல வைங்க, பச்சையாவும். ஆவலைன்னா என்னையும் சேர்த்து உள்ள போடுங்க."

என் புருஷன் சொல்லிச் சொல்லி, எரிச்சலிலேயே எனக்கு மனப்பாடமாகியிருந்தது. போத்தலைக் காவல் கொட்டகை நிழலில் வைத்தார்கள். அவரை லாக்கப்பில் வைத்தார்கள். தினமும் போய்ப் பார்த்தேன். கண்டாலே ஆகாத அந்தப் போத்தலின் முன்னால் நின்று, பச்சையாகிவிடு தாயே என்று கும்பிட்டேன். சில நாளில் அடியில் லேசாகப் பச்சை தட்டியது. சார்ஜன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரை விட்டுவிட்டார்.

தாடியும் மீசையுமாக வெளியே வந்தவர், அழுதுகொண்டு நின்ற என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"போத்தல் எங்க புள்ள?"

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அந்தச் சிவப்பைத்தான் இப்போது மாத்திரையில் அடைத்து விற்கிறார்களாம். ஆன்டிஆக்ஸிடன்ட், உடம்பு வாடாமல் காக்கும் என்று என் மகள் சிரம்பானிலிருந்து வாங்கி வந்தாள். "ஒன்னு போட்டுக்குங்கம்மா, நல்லதுலா" என்று கையில் வைத்தாள்.

நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். சக்களத்தியைக் காசு கொடுத்து வாங்கி விழுங்க எனக்கென்ன பைத்தியமா?