வானத்துக் கரண்டு எங்கே இறங்கும்?

ஏரியில் இறால் வலை கட்ட எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு நாள் முறை. அதைப் பாடு என்போம். ஒரு பாடு தவறினால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போன சுற்றில் எங்கள் பாடு வந்த அன்றைக்கே ராக்கெட் விடுகிறார்கள், வடக்கே படகு போகக்கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். தெற்கே போகலாம். அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். இறால் ஏன் வரும்?

"வடக்க போனா போலீசு, தெக்க போனா சேறு. குந்து, டீ போடறேன்" என்றாள் மனைவி. அவள் ஒரு வரியில் முடிப்பாள். நான் அதையே நாள் முழுக்கப் பேசுவேன்.

கரையில் குந்தியிருந்தபோது கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி தாளோடு வந்தாள். கரண்டைப் பூமியில் எடுத்தால் ஜனங்களுக்கு என்ன நஷ்டம், வானத்தில் எடுத்தால் என்ன நஷ்டம் என்று ஒப்பிடுகிறாளாம். வானத்தில் சூரியத் தகடுகளைப் பரப்பி, கரண்டைக் கதிராகக் கீழே அனுப்பலாமாம். நிலக்கரியே வேண்டாமாம்.

"அப்போ சாம்பல் இருக்காதா? சீக்கிரம் செய்யச் சொல்லும்மா" என்றேன்.

வலை பிரித்துக்கொண்டிருந்த என் மச்சான் கேட்டான்: "அந்தத் தகட்ட எப்டிமா மேல ஏத்துவாங்க?"

"ராக்கெட்லதான். நிறைய தடவை விடணும்."

"அப்ப மாமா பாடு நெறைய தடவ பூடும்னு எழுதிக்க. சரி, கரண்டு எங்க வந்து எறங்கும்?"

"ஆள் இல்லாத பெரிய வெளி வேணும், அண்ணா." சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்தாள். உடனே தாளைப் பார்த்தாள். "எதுல நஷ்டம் அதிகம்னு போடட்டும்?"

பதில் சொல்வதற்குள் மைக் கட்டிய ஆட்டோ திரும்பி வந்தது. ராக்கெட் நாளைக்குத் தள்ளிப்போயிற்றாம். எங்கள் வலைக்கான நீரோட்டம் அதற்குள் திரும்பிவிட்டிருந்தது; இனி வலை கட்டியும் பயனில்லை.

ஊர்க் கூட்டத்தில் வேறு நாள் கேட்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்பு இதே கதி வந்தபோது, "தவறின பாடு தவறினதுதான், மழைக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே சட்டம்" என்று உரக்கச் சொன்னவன் நானே.

நாளைய பாடு அவருடையது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாபா, சட்டத்த மாத்திடலாமா?"

"மாத்தலாம். யாரோட நாள எடுக்கறது?"

அவர் திரும்பிப் பார்த்தார். பாடு வரிசையில் அவருக்கு அடுத்த வீட்டு வாசலில் புருஷனும் பெண்சாதியும் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தார்கள்.