அட்டையோடு போன திருநீறு

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள்தான் பதில் போடுவார்கள். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு எழுதினால் கடிதம் எந்தக் கிணற்றில் விழுந்தது என்றே தெரியாது. மெல்பேணுக்கு வந்த முதல் இரண்டு வருஷத்தில் நானாகக் கண்டுபிடித்த ஒரே இரகசியம் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக் காலையில் அங்கே ஃபுட்டி என்ற இந்த ஊர்க் காற்பந்தைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. முட்டை வடிவப் பந்து ஒன்றை முப்பத்தாறு பேர் கையாலும் காலாலும் ஏன் அந்தப் பாடுபடுத்துகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆளையாவது அடையாளம் தெரிந்தால் தேநீர் நேரத்தில் ஊமையாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு பாக்கெட் ஃபுட்டி அட்டை வாங்கினேன். முன்பக்கம் படம், பின்பக்கம் உயரம், நிறை, ஆடிய ஆட்டங்கள். வாத்தியாருக்குப் பாடப்புத்தகம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் பாடம் மனதில் ஏறிவிட்டது, அட்டைப் பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

வெரிபீயில் வீடு எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுச் சந்தையில் சப்பாத்துப் பெட்டி நிறையப் பழைய அட்டைகள் அகப்பட்டன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆடியவர்கள். அந்தக் காலத்தில் அட்டையையும் சூயிங்கத்தையும் ஒரே பாக்கெட்டில் போட்டு விற்றிருக்கிறார்கள். சூயிங்கத்தை எந்தப் பிள்ளை தின்றதோ, அதன் வெள்ளைத் தூள் மட்டும் அட்டைகளில் படிந்திருந்தது. பழைய சவரப் பிரஷால் ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்தேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். சாமிப் படங்களைக்கூட நான் அப்படித் துடைத்து அவள் கண்டதில்லையாம்.

கையெழுத்து வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. அட்டை, ஒரு கடிதம், என் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய இன்னோர் உறை, அட்டை மடங்காமல் இருக்கக் காலைச் சாப்பாட்டுப் பெட்டியில் வெட்டிய மட்டை. எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் போட்டு, ஆள் முன்பு ஆடிய கழகத்துக்கு அனுப்பினால் அவர்கள் சேர்ப்பித்துவிடுவார்கள். கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தபடி, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிவுள்ள என்று முடிப்பேன். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேனா என்று மனைவி கேட்பாள். ஆனால் பதில்கள் வந்தன. குழாய் வேலை செய்யும் ஒருவர் கறுத்த விரல் அடையாளத்தோடு அனுப்பினார். இன்னொருவர், அட்டையில் இருப்பது தன் படமே இல்லை, அச்சடித்தவர்கள் ஆளை மாற்றிவிட்டார்கள், இருந்தாலும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

தபால் பெட்டியை நான்தான் திறப்பேன். மனைவி அதன் பக்கம் போகமாட்டாள். நாங்கள் இங்கே வந்த வருஷம் யாழ்ப்பாணத்தில் அவளுடைய அப்பாவுக்கு ஒப்பரேஷன் என்று செய்தி வந்தது. கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் கடிதத்தோடு அனுப்பினாள். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்தது. அவர் கண்மூடி ஒரு மாதம் கழித்து அந்தக் கடிதம் உடைக்கப்படாமல் எங்கள் பெட்டிக்கே திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்து அதை எடுத்தவள் அவள்தான்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஓகஸ்டில் ஒரு பழைய ஆட்டக்காரர் எனக்கு நாலு பக்கம் எழுதினார். ஜீலோங்குக்கு அப்பால் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். மாடுகளைப் பற்றி மூன்று பக்கம், ஃபுட்டியைப் பற்றி அரைப் பக்கம். கடைசியில், அடுத்த மாதம் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள், வேறு அட்டை இருந்தால் அதற்கு முதல் அனுப்பு, பிறகு கையெழுத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை என்று இருந்தது. நான் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. எத்தனையாம் திகதி என்று மட்டும் கேட்டாள். அவருடைய இன்னோர் அட்டை என்னிடம் இருந்தது. உறையை நான் ஒட்டுவதற்கு முதல், தான் கடைக்குப் போகிறேன், தானே ஒட்டிப் போட்டுவிடுகிறேன் என்றாள். ஆறு வருஷமாகத் தபால் பக்கம் திரும்பிப் பாராதவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் மக்கு மனிதன் நான்.

ஒரு மாதம் கழிந்தது, பதில் இல்லை. ஒக்டோபர் வந்தது. தொலைக்காட்சியில் தினமும் அதே செய்தி. அமெரிக்காவில் யாரோ உறைக்குள் விஷத்தூள் வைத்து அனுப்ப, ஆட்கள் செத்திருக்கிறார்கள். இங்கேயும் வெள்ளையாக எதைக் கண்டாலும் கட்டடங்களை மூடினார்கள், பொலிஸ் வந்தது, தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு ஆட்கள் இறங்கினார்கள். ஒரு பின்னேரம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நானும் உங்கட மாட்டுக்காரனுக்குத் திருநீறு வைச்சு அனுப்பினனான்."

எவ்வளவு என்று கேட்டேன். ஒரு சிட்டிகைதானாம், தமிழ்ப் பத்திரிகைத் துண்டில் மடித்ததாம். அதில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஒன்றும் எழுதவில்லை என்றாள். நான் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு வகுப்பறைக் குரல் வந்துவிடும். படித்த மனுசி செய்கிற வேலையா இது, இன்னதென்று ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா என்றேன்.

"திருநீறுக்கு ஆரும் விளக்கம் எழுதுவினமோ? அப்பாவுக்கு அனுப்பினது போய்ச் சேரேல்லை. இவருக்காவது சேரட்டும் எண்டு வைச்சனான்."

தொலைக்காட்சியை நிறுத்தினேன். பயம் மட்டும் கூடிக்கொண்டே போனது. பிரஜாவுரிமைச் சத்தியம் எடுக்க அடுத்த மாதம் நகர மண்டபத்துக்கு வரச்சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்திருந்தது. அந்த நேரத்தில் ஆங்கிலம் அல்லாத எழுத்தில் அச்சடித்த காகிதம், அதற்குள் வெள்ளைத் தூள், கூடவே என் வடிவான கையெழுத்தில் என் பெயர், வீட்டு இலக்கம், தெரு. உலகத்திலேயே பதில் உறைக்கு முத்திரையையும் ஒட்டிக் கொடுத்த குற்றவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த மனிதரைப் பற்றியும் யோசித்தேன்தான். தைத்த நெஞ்சோடு உறையைப் பிரித்துப் பயந்து ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் பயத்தில் முக்கால் பங்கு எனக்காகத்தான்.

இன்னொரு கடிதம் எழுதப் பார்த்தேன். முன்னைய கடிதத்தில் இருந்த தூள் ஆபத்தற்றது என்று ஒரு வரி எழுதிவிட்டு வாசித்தேன். தூள் அனுப்பினவன் எழுதுகிற வரி மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டேன். சாம்பல்தான், எரிந்த சாணத்தில் கெடுக்கக்கூடியது ஒன்றும் மிஞ்சாது என்று இரசாயனத்தைச் சொல்லி என்னை நானே தேற்றினேன். பொலிஸ்காரன் இரசாயனம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். அவர் நீண்ட கடிதத்தின் அடியில் பண்ணை விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தார். மூன்று நாள் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. வீட்டை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காரை எடுத்தேன். மனைவி ஒரு கேக் செய்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டே ஓட்டினேன்.

பண்ணை வாசலில் பொலிஸ் இல்லை, மஞ்சள் நாடா இல்லை. ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது, எழும்பக்கூட இல்லை. கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அட்டைகள் அனுப்புகிறவன் என்று சொன்னதும், அந்த 'ஐயா' ஆள் வந்திருக்கிறார் என்று உள்ளே குரல் கொடுத்தார். ஒப்பரேஷன் முடிந்து மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பினார்களாம். தொலைபேசியை யாரும் எடுக்காத காரணம் அவ்வளவுதான்.

அவர் ஜன்னலோரம் கதிரையில், ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். இருமும்போது தையல் இழுக்காமல் இருக்க அப்படிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் மரம் போல நின்ற மனிதர் பாதியாகியிருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார். பாடமாக்கிய ஆங்கிலம் முழுவதும் எனக்கு மறந்துபோனது. உறை, வெள்ளைத் தூள், என் மனைவி, மன்னியுங்கள் என்று தலைகால் இல்லாமல் கொட்டினேன்.

அவர் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

சூயிங்கம் என்று நினைத்தாராம். பழைய பாக்கெட் ஒன்று உடைக்காமலே எனக்குக் கிடைத்திருக்கிறது, அட்டையோடு தூளாகிப்போன சூயிங்கத்தையும் நான் கவனமாக மடித்து அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தாராம். தன் அட்டையோடு வந்த சூயிங்கத்தை அவர் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. அதனால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டிருக்கிறார். இனிப்பே இல்லையாம். முப்பது வருஷத்தில் இனிப்புப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

மனைவிக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். இருந்தும் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"வாயில போட்டவராமோ?"

"ஓம்."

"எப்பவாம்?"

நான் அவரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலை, தன் மனைவி காரை எடுத்துக்கொண்டிருந்தபோது என்றார்.

எங்கள் ஆட்கள் ஒப்பரேஷனுக்குப் போகிறவருக்கு நெற்றியில் திருநீறு பூசி, ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுத்தான் வாசல் தாண்ட விடுவார்கள். அவளுடைய அப்பா அது இல்லாமல் போனவர். மனைவி கேக்கை மேசையில் வைத்துவிட்டு அங்கிருந்த கதிரையில் இருந்தாள். பிறகு தானே ஆங்கிலத்தில், அது சூயிங்கம் இல்லை, கோயில் சாம்பல், உங்கள் ஒப்பரேஷனுக்காக அனுப்பினேன் என்றாள். அவர் சிரிப்பை நிறுத்தினார். மேசை லாச்சியைத் திறந்து, இன்னும் மடித்தபடியே இருந்த பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார். எழுத்து வடிவாக இருந்ததால் எறிய மனம் வரவில்லையாம். கூடவே அட்டையும் இருந்தது. பேனை கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் தராமல் அவளிடம் நீட்டினார்.

திரும்பி வரும்போது எனக்குக் கண் கலங்கியது. பயம் போனதால் வந்த கண்ணீர்தான், வேறொன்றுமில்லை. அடுத்த மாதம் நகர மண்டபத்தில் சத்தியம் எடுத்தபோது எங்களிடம் எந்தத் தூளைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கே, அந்தப் பாதையிலேயே எல்லாப் பாரமும் இறங்கிவிட்டது. மனைவி அட்டையை மடியில் வைத்திருந்தாள். ஜீலோங் வந்தபோது வாய் திறந்தாள்.

"போய்ச் சேர்ந்திட்டுது, என்ன?"

ஓம் என்றேன்.

வீட்டு வாசலில் நான் காரைத் திருப்பி விடுவதற்குள் அவள் இறங்கி நடந்தாள். சனிக்கிழமை, தபால் வராத நாள். அது அவளுக்கும் தெரியும். நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள், கையை விட்டுத் துழாவினாள். ஒரு கடை விளம்பரத் துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.