அண்ணனும் வெற்றி முழுக்கும்

இந்த நினைவு மலரை வாங்கிப் புரட்டும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என் அண்ணனைக் 'கட்சி மாறினவன்' என்று ஏசியவர்கள். முதலாண்டு நினைவு நாளில் அதற்காகச் சண்டைக்கு நிற்கப்போவதில்லை. நடந்ததைத் தங்கை நான் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

அண்ணன் பிறந்தது கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே நம் காலனியில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டு நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் என்னைக் கரையேற்றினார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நம் காலனி ஃபுட்பால் டீம். ஆடத் தெரியாது, கத்தத் தெரியும். பொன்னேரியில் ஆட்டம் என்றால் அன்றைய கூலியை விட்டுவிட்டு ரயிலேறிவிடுவார். எனக்கு மாப்பிள்ளை பார்த்த லட்சணமும் அப்படித்தான். "அவன் கோலியா நின்னா பந்து உள்ள போவாது" என்பதைத் தவிர வேறெதையும் அவர் விசாரிக்கவில்லை. நல்ல மனிதராக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

ஜெயித்தால் டீம் மொத்தமும் மைதானத்தை ஒட்டிய கால்வாயில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்பும். வெளியூரில் ஜெயித்தாலும் ஸ்டேஷனிலிருந்து நேரே கால்வாய்க்குத்தான். முழுக்குப் போடாவிட்டால் அடுத்த ஆட்டம் கைவிட்டுப் போகும் என்று நம்பிக்கை. பந்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு முதலில் குதிப்பவர் அண்ணன்.

பிறகு தொழிற்பேட்டை வந்தது. அண்ணனுக்கு ஒரு ரசாயனக் கம்பெனியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. மூன்று வேளையும் அடுப்பெரிந்தது, கம்பெனியை வாயார வாழ்த்தினோம். கொஞ்ச நாளில் கால்வாயோரப் புல் கருகியது. மீன்கள் செத்து மிதந்தன. முழுக்குப் போட்டவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. வேர்க்குரு என்று பவுடரைக் கொட்டிக்கொண்டார்கள். கம்பெனியின் பின்சுவரிலிருந்து ஒரு குழாய் கால்வாயில் திறந்துகிடந்ததை அண்ணன் பார்த்துவிட்டார்.

"தண்ணில எறங்காதீங்கடா, கால்ல வுழறேன்" என்று கெஞ்சி ஒரு தடவை டீமைக் கரையோடு திருப்பிக் கூட்டிவந்தார். அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். அதோடு அவர் பேச்சு செல்லாக்காசாகிவிட்டது.

அதன்பின் அண்ணன் மைதானத்தில் கத்தவில்லை. எதிரணி கோல் போட்டால் மட்டும் நிம்மதியாக மூச்சு விடுவார்.

"இன்னாண்ணா, நம்மாளுங்க தோத்துக்கினு கீறாங்க, நீ கம்முனு கீறே?" என்று கேட்டேன்.

"தோத்தாதாம்மா மாப்ள தண்ணில எறங்காம ஊடு வந்து சேருவாரு" என்றார்.

அன்றே என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்கண்ணன் பேச்சக் கேட்டுதான் ஒரு கப்பு பூட்ச்சி" என்று சிரித்தார்.

அண்ணன் மைதானத்துப் பக்கம் போவதையே விட்டார். காலில் ஆறாத புண், அப்புறம் மூச்சிரைப்பு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர்கள் எந்தக் கம்பெனியில் வேலை என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களே தவிர, நோய்க்குப் பெயர் சொல்லவில்லை.

படுத்த படுக்கையானபின் ஒரு ஞாயிறு சாயங்காலம் மைதானத்திலிருந்து கூச்சல் கேட்டது. "ஜெயிச்சிட்டாங்களா?" என்றார். சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்து, "மச்சான், கப்பு நம்மளுது!" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் துணை வந்த பக்கத்து வீட்டாருக்கும், ஷிப்டை விட்டுவிட்டு வந்து பாடை சுமந்த கம்பெனித் தோழர்களுக்கும், கூடவே நின்ற டீம் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அண்ணன் நினைவாக இன்று சாயங்காலம் ஓர் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர்தான் கோலி. அவர் முழங்கையில் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு எல்லோரும் அவசியம் மைதானத்துக்கு வாருங்கள். வந்து, நம் டீம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.