பம்பாய்க்குப் போன ரத்தம்

விரல் நீளம் கூட இல்லாத ஒரு குழாய். அதற்குள் ஆரம்பாக்கத்துப் பெண்ணின் ரத்தம். சென்னைப் பரிசோதனைக் கூடத்து நர்ஸ் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட் இங்க பண்றதில்ல, பம்பாய்க்குப் போவும். ரிசல்ட் வர நாளாவும்" என்றாள். "பம்பாய் இன்னாம்மா, லண்டனுக்குக்கூட அனுப்பு. என் சமையல்கட்டு மேல குத்தமில்லன்னு வந்தா போதும்" என்றேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனிக்குள் கேண்டீன் நடத்தினேன் என்றால், அது யாரும் தூக்கிக் கொடுத்த இடமில்லை. தள்ளுவண்டியில் இட்லி விற்று, கம்பெனி கேட்டுக்கு வெளியே கொட்டகை போட்டு, அப்புறம் அதே கேட்டுக்கு உள்ளே போனவன். மாவை இரண்டு விரலில் தேய்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்று அந்த வட்டாரமே பேசும். நானும் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கென்ன வெட்கம்?

அந்தப் பெண் பேக்கிங் பிரிவில் காண்டிராக்ட் வேலைக்காரி. ஆந்திரா எல்லையோரம் வளர்ந்ததால் என்னை நைனா என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பட்டாணி ஆகாது. தின்றால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். தட்டை நீட்டுமுன் "நைனா, குருமாவுல பட்டாணி கீதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாங்குவாள். பரிமாறுகிற என் ஆட்கள், "வந்துட்டாங்கடா பட்டாணி மகாராணி" என்பார்கள். அவளும் விடமாட்டாள். "ஆமா, மகாராணிக்குத் தனிச் சட்டில ஆக்கி எடுத்தாந்து வை. பொட்டி தூக்கித் தூக்கிப் பசிக்குது" என்பாள். கடலைப்பருப்பு வடை, கொண்டைக்கடலை சுண்டல் எல்லாம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்பாள். அவற்றால் ஒன்றும் ஆனதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்கால டீக்கு பஜ்ஜி போடுவது என் கேண்டீன் வழக்கம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வாழைக்காய் பஜ்ஜியைத் தின்று டீயைக் கையில் எடுத்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது. மூச்சு விசிலடித்தது. என் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை அடைத்துப் போயிருக்கும் என்றார்கள்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "அதே பஜ்ஜியை அத்தனை பேரும் தின்னாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஒண்ணு உங்க கேண்டீன் சுத்தமில்ல, இல்ல அந்தப் பொண்ணு லீவுக்கு நடிக்குது. எதுன்னு நீங்களே சொல்லுங்க." இரண்டும் பொய் என்று காட்ட எனக்கு வெறி வந்தது. பருப்பு வகை ஒவ்வாமையை ரத்தத்திலேயே பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். படித்த மேனேஜருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது என்று பெருமைதான்.

ரிசல்ட் வந்ததும் இருவரும் மறுபடி போனோம். டாக்டர் பொறுமையானவர். "ரத்தத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது, சாப்பிட்டா என்ன ஆகுதுங்கறதையும் சேர்த்துப் பார்க்கணும். பட்டாணிக்கு ரொம்ப அதிகமா காட்டுது. கடலைப்பருப்புக்கு லேசாத்தான், அதையும் இவங்க நல்லா சாப்பிடுறாங்க. அன்னைக்கு பஜ்ஜி மாவுல பட்டாணி கலந்திருக்குமா?" என்றார். "முன்னயும் பஜ்ஜி துன்னா தொண்டை நமநமங்கும் சார், மொளகாத்தூளுன்னு நெனச்சேன்" என்றாள் அவள். நான் குறுக்கே விழுந்தேன். "சான்ஸே இல்ல சார். அது என் மச்சான் மில்லு மாவு. தனிக் கடலை." டாக்டர் ரிசல்ட் தாளை மடித்துக் கொடுத்தார். "அப்படின்னா வேற காரணம் தேடணும்" என்றார். வேனில் ஏறும்போது அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்திருந்தது. "அப்போ பஜ்ஜி துன்னலாம் இல்ல நைனா?" என்றாள். "என் கேண்டீன்ல தாராளமா துன்னு" என்றேன்.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். பொன்னேரியில் மாவு மில் வைத்திருந்தார். கழுத்தில் சங்கிலி, நெற்றியில் குங்குமம், யாரைப் பார்த்தாலும் முதலில் "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்கும் வாய். கொட்டகை போட்ட காலத்திலிருந்து அவர் மாவைத் தவிர வேறு மாவு என் வாசலுக்கு வந்ததில்லை. சொந்தக்காரன் மூட்டையைப் பிரித்துச் சோதிப்பது அவனைக் காறித் துப்புவது மாதிரி, எங்கள் பக்கம். திரும்பும் வழியில் அவளை வேனிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மில்லுக்குள் போனேன். "மச்சான், உன் மாவுக்கு பம்பாய்லேர்ந்து சர்ட்டிபிகேட்டு வாங்கியாந்துக்கிறேன்!" என்று கத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எந்த ஒலகத்துல கீற மாப்ள? எவன் இன்னிக்குத் தனிக் கடலை அரைக்கிறான்? எப்பவும் கொஞ்சம் பட்டாணி போடுறதுதான். இப்ப பருப்பு வெல ஏறிச்சு, கொஞ்சம் கூடப் போட்டேன்."

"மச்சான், ஒரு பொண்ணு சாவக் கெடந்துது. வெளிய வேன்லதான் குந்திகினு கீது."

"பட்டாணி இன்னா வெஷமா? ஊரே துன்னுது. ஒருத்திக்கு ஒத்துக்கலன்னா மில்லை மூடிட்டு காசிக்குப் போவட்டா?" என்றவர், என் இரண்டு விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "நீதான் தேய்ச்சே சொல்றவனாச்சே. இத்தினி வருசத்துல ஒருநாள் கண்டுபுடிச்சியா?"

மில்லில் வேலை செய்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. வேனுக்கு வந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால் மச்சான் உறவு போகும், கேண்டீனும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் என் வாயை நம்பி, அடுத்த வெள்ளிக்கிழமை தட்டை நீட்டுவாள். வண்டியை எடுக்குமுன் அவளிடம் சொல்லிவிட்டேன். "இதை மேனேஜராண்டயும் சொல்லு நைனா. நான் நடிச்சேன்றான் அந்தாளு" என்றாள்.

சொன்னேன். அவர் மேசைக்கு முன்னால் நின்று, யார் மில், யார் மாவு என்று ஒன்று விடாமல் சொன்னேன். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. "கலப்பட மாவைப் போட்டது உங்க கேண்டீன்தானே?" அந்த மாதத்தோடு கேண்டீன் வேறு ஆளுக்குப் போனது. இப்படிப்பட்ட உடம்பு கம்பெனிக்கு ஆபத்து என்று அவளையும் நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொன்ன நானும் வெளியே, உண்மையாக வீங்கிய அவளும் வெளியே. வீட்டில் பெண்டாட்டி, "மாவு எங்கியோ கடைல வாங்கினேன்னு சொல்றதுக்கு இன்னா கேடு? எங்கண்ணன் பேரு ஏன் உன் வாயில வந்துது?" என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டாள். என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. தாய்மாமன் தூக்க வேண்டிய சீர்த்தட்டைத் தூரத்து உறவில் ஒருத்தர் தூக்கினார். ஊர் பார்த்தது.

மச்சான் மில் மட்டும் வளர்ந்தது. இன்று அவர் மகன் பேரில் மாவு பளபளக்கிற பாக்கெட்டில் வருகிறது. நான் ரயில்வே கேட் பக்கம் சின்னதாக டிபன் கடை போட்டு, பருப்பை நானே வாங்கி நானே அரைக்கிறேன். போன மாதம், மச்சானுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்று பெண்டாட்டி அழுதாள். போனேன். கட்டிலில் கிடந்தார். 'தப்புதான் மாப்ள' என்று ஒரு வார்த்தை வரும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன். அவர் கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா, இன்னிக்கும் கேண்டீன் உங்கிட்டதான் இருந்திருக்கும், மாப்ள."

அதில் பொய் இல்லை. கேண்டீன் இருந்திருக்கும், சீர்த்தட்டும் சரியான கையில் வந்திருக்கும். அந்தப் பெண் ஒருத்திதான் இருந்திருக்க மாட்டாள். அவளை அந்த மனிதர் ஒருதரம் கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த வேன் மில் வாசலில்தான் நின்றிருந்தது. வெளியே வந்து யார் என்று எட்டிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.