அடுப்படிப் புற்று

எங்கள் வீட்டுக்கு ஆத்தா வந்தபோது, அம்மாவுக்கு அது இன்னொரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், ஊர் முடிந்து வயலும் முடிந்து, ஏரிக்கரை தொடங்குகிற இடத்தில் எங்கள் இருளர் குடியிருப்பு. அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள். சுவர் எழுந்து கூரையும் போட்ட பிறகு, தரை பூசுவதற்குள் கட்ட வந்தவரைக் காணவில்லை. அதனால் தலைக்கு மேல் கான்கிரீட், காலுக்குக் கீழே ஏரி மண். நான் நான்காவது படித்த வருஷம், ஆடி மழைக்குப் பிறகு, அடுப்புக்குப் பக்கத்து மூலையில் அந்த மண் கொஞ்சம் வீங்கியது.

கறையான் என்று சொல்லி அம்மா அதை மண்வெட்டியால் தட்டி அள்ளி வெளியே கொட்டினாள். மறுநாள் விடியும்போது அதே இடத்தில் ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிளம்பியிருந்தது. மறுபடியும் தட்டினாள். சோறு வடிப்பது, எங்களைப் பள்ளிக்கு அனுப்புவது, நாற்று நடப் போவது என்ற காலை வேலைகளோடு புற்றை இடிப்பதும் சேர்ந்துகொண்டது. சலித்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

நடவு மும்முரமாக இருந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடுதான் சேற்றில் இறங்கினாள். அந்த நாட்களில் மண்வெட்டியைத் தூக்க முடியாமல், “கெட, அப்பறமா பாத்துக்கறேன்” என்று புற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு உடம்பு தேறுவதற்குள் அது என் முழங்காலைத் தாண்டிவிட்டது. ஊரே பின்னால் கும்பிட்ட ஆத்தா, உண்மையில் அம்மாவின் அலுப்பில் வளர்ந்தவள்.

அதைத் தெய்வம் என்று முதலில் சொன்னது அடுத்த வீட்டில் இருந்த சித்தி. நெருப்பு வாங்க வந்தவள் மூலையைப் பார்த்து, இரண்டு கையையும் தலைமேல் தூக்கிவிட்டாள்.

“யக்கா, இத்த இன்னான்னு நெனச்சிக்கினு கீற? ஆத்தா வந்துகீறா உன் வூட்டுக்கு!”

எங்கள் சனத்தில் கும்பிடுவது பெரிய விஷயம் இல்லை. கன்னியம்மா ஏரியிலும் இருப்பாள், வேப்ப மரத்திலும் இருப்பாள், மாசி மாதத்தில் கடலுக்குப் போனால் அங்கேயும் இருப்பாள். இருக்கிற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். சித்தியும் அப்படித்தான் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். அம்மா மண்வெட்டியை வெளியே வைத்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் சித்தப்பா செல்போனில் படம் பிடித்து ஊருக்குள் யாரிடமோ காட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மில் வீட்டம்மா வந்துவிட்டார்கள். ஊரில் அரிசி மில் வைத்திருந்த குடும்பம். அவர்கள் வயலில்தான் அம்மா நடவுக்குப் போவாள். அவர்கள் நிலத்தில் மண்டிக்கிடந்த கருவேல மரத்தைத்தான் நைனா வெட்டுவார். அதுவரை அந்த அம்மா எங்கள் குடியிருப்புக்குள் காலெடுத்து வைத்ததில்லை. எங்கள் வாசல் தாழ்வு. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து அவர்கள் உள்ளே நுழைந்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பால் ஊற்றிவிட்டு, தன் மகளுக்கு வரன் அமையவில்லை என்று புற்றிடம் முறையிட்டார்கள். அந்த மாதமே வரன் அமைந்தது.

அப்புறம் எங்கள் வீடு எங்கள் வீடாக இல்லை.

வெள்ளி, செவ்வாய் என்று பார்க்காமல் ஆட்கள் வந்தார்கள். ராஜகுளத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும்கூட ஆட்டோ வைத்து வந்தார்கள். புற்றுக்குள் பாம்பு இருக்கிறதா என்று நைனாவைக் கேட்டார்கள். நைனா பாம்பு பிடித்தே வளர்ந்தவர். தடம் பார்த்தாலே சொல்லிவிடுவார். அந்தப் புற்றில் பாம்பு இல்லை, கறையான்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இர்க்கலாம், யாரு கண்டா” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அவர்கள் வைத்துவிட்டுப் போகும் முட்டைகளை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டே இருப்போம். ஆத்தாவுக்கு வைத்ததை நாங்கள் தொடக்கூடாது. அவளும் தொடவில்லை. முட்டைகள் கெட்டு நாறிய பிறகு அம்மா அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள்.

மீன் சமைக்கக்கூடாது, நத்தை கூடாது, எலி கூடாது என்று மில் வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். அடுப்பு வாசலுக்கு வந்தது. மழை வந்தால் அன்றைக்குச் சமையல் இல்லை. மாதத்தில் அந்த நாட்களில் அம்மா சித்தி வீட்டுக் கூரை ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். பால் ஊற்றி ஊற்றித் தரை சொதசொதவென்று ஆகி, ஈ மொய்த்தது. அம்மா விடியுமுன் எழுந்து அதைச் சுரண்டி, சாணம் தெளித்து, கோலம் போட்டு, வந்தவர்களுக்கு வழிவிட்டு, நடவுக்கு நேரம் கழித்துப் போய்த் திட்டு வாங்கினாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது, அவள் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து, நின்றவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ அது பொற்காலம். வகுப்பில் என் பக்கத்தில் உட்காராத பெண்கள், “உங்க வூட்டு மஞ்சா கொஞ்சம் எடுத்தாறியா?” என்று கேட்டார்கள். மில் வீட்டம்மா என் பேரைக் கேட்டார்கள். அவர்கள் நிலத்துக்கு நடுவே நடந்து பள்ளிக்குப் போன எத்தனையோ நாளில் கேட்காத பேர். ஆத்தா எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று நான் நம்பினேன். அம்மாவின் முகத்தில் மட்டும் ஏன் அந்தச் சந்தோஷம் இல்லை என்று எனக்கு அவள் மேல் குறையாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது ஊரிலிருந்து பெரியவர்கள் சிலர் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அவர்களே கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொண்டார்கள். மில் வீட்டம்மாவின் கணவர்தான் பேசினார். ஆத்தா இப்படி ஆட்கள் குடியிருக்கிற வீட்டில் இருப்பது முறையில்லை, சுத்தபத்தமாக ஒரு கோயில் எழுப்ப வேண்டும், அதற்கு இந்த வீட்டை விட்டுவிட வேண்டும் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை வாசலில் தகரக் கொட்டகை போட்டுப் பூசை தொடங்கலாம் என்றார்.

நைனா தலையை ஆட்டினார். அவர் முன்னால் நைனா வேறு எப்படியும் தலையை ஆட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே இருந்த அம்மாதான் கேட்டாள்.

“நாங்க எங்க போறது சார்?”

“கரையோரம் ஒரு கொட்டாய் போட்டுக்கோ. அப்பறம் ஆபீசுல சொல்லி வேற எடம் பாத்துக் குடுக்கறோம். ஆத்தாவே வந்துகீறா, உனுக்கு வூடு பெருசாப் பூடுச்சா?”

அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் நாங்கள் கரையோரக் கொட்டாயில்தான் இருந்தோம். அங்கே ஒரு மழைக்காலத்தில் எனக்கு அடுத்துப் பிறந்த ஒரு குழந்தை குளிரில் செத்துப்போனது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அவர்கள் போன பிறகு அம்மா நைனாவிடம், “இன்னாய்யா செய்யறது?” என்றாள். நைனா, “இன்னா செய்யச் சொல்ற? அவங்க காட்டுலதான் மரம் வெட்டிக்கினு கீறேன்” என்று சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.

வியாழக்கிழமை முழுக்க மழை. சாயங்காலம் விட்டது. வானம் மஞ்சளாக வெளுத்து, காற்றே இல்லாமல் புழுங்கியது. வாசலில் அடுப்பு நனைந்து கிடந்தது. காலையில் குடித்த கொஞ்சம் கஞ்சியோடு நாங்கள் இருந்தோம். தம்பி அழுது ஓய்ந்து, விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

அப்போது புற்று திறந்தது.

முதலில் நுனியில் சின்னச் சின்ன ஓட்டைகள். அதில் கறையான்கள் வரிசையாக நின்றன. பிறகு உள்ளேயிருந்து ஒரு ஈசல் வந்து, சிறகை விரித்து உதறியது. அப்புறம் ஊற்று உடைந்தது மாதிரி. மஞ்சளையும் குங்குமத்தையும் தள்ளிக்கொண்டு ஈசல் ஈசலாகப் பொங்கி வந்தது. அறை முழுக்கச் சிறகுச் சத்தம், நெல்லைத் தூற்றுகிறது போல. கதவு வழியாக வந்த கடைசி வெளிச்சத்தில் அத்தனையும் மின்னியது. நான் பயந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். ஆத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

“அடியே, குண்டான எடு! தண்ணி ஊத்திக் கொண்டா! வெளக்கக் கொளுத்து!”

குண்டானில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் விளக்கை வைத்தாள். ஈசல்கள் வெளிச்சத்துக்கு வந்து தண்ணீரில் விழுந்தன. அள்ளி அள்ளி முறத்தில் போட்டுச் சிறகு போகப் புடைத்தாள். ஈர அடுப்பு பற்றாது. வீட்டுக்குள்ளேயே, பழைய இடத்தில், புற்றுக்குப் பக்கத்தில் கல் கூட்டித் தீ மூட்டினாள். நான், “ம்மா, உள்ள ஆக்கக் கூடாதுன்னாங்க” என்றேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சட்டியில் ஈசலைப் போட்டு உப்புத் தூவி வறுத்து, கொஞ்சம் அரிசியையும் வறுத்துக் கலந்தாள். நெய் உருகுவது போல ஒரு வாசனை எழுந்தது.

முதல் பிடியை எங்களுக்குத் தரவில்லை. ஒரு இலையில் வைத்துப் புற்றின் அடியில் வைத்தாள்.

“நீ குடுத்துதுதான். நீயும் துண்ணு” என்றாள். அடுத்த வீட்டுச் சித்தியிடம் பேசுவது போலத்தான் சொன்னாள்.

பிறகு நாங்கள் தின்றோம். நைனா வந்து, வாசலில் நின்று மோந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து தின்றார். தம்பி வயிறு நிறைந்து, சட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை, தகரமும் கம்பும் ஏற்றிய வண்டியோடு ஊர்க்காரர்கள் வந்தார்கள். மில் வீட்டம்மா தலையைக் குனிந்து உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள். தரை முழுக்கச் சிறகு. அடுப்பில் கரி. புற்றடியில் இலை.

“இன்னாடி இது, கவிச்ச வாசன? இன்னா ஆக்குன?”

“ஈசலும்மா. நேத்து சாயங்காலம் வந்துது. புள்ளைங்க பசியா இருந்துதுங்க.”

“ஆத்தா வூட்லயா ஆக்கித் துண்ணீங்க?”

“ஆத்தா வூட்லருந்துதாம்மா வந்துது.”

அம்மாவின் குரலில் எதிர்ப்பும் இல்லை, பணிவும் இல்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். மில் வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். வெளியே நீண்ட நேரம் பேச்சு நடந்தது. தீட்டு என்றார்கள். ஆத்தா இனி இங்கே நிற்கமாட்டாள், நேற்றே கிளம்பியிருப்பாள் என்றார் ஒருவர். அதுதான் புற்று திறந்துகொண்டது என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். கடைசியில் ஒரு சொம்பில் புற்று மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கம்பையும் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மண்ணை வைத்து ஊர் நடுவே கோயில் கட்டினார்கள். இப்போது ஆடி மாதத்தில் அங்கே ஒலிபெருக்கி அலறுகிறது.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லமுடியாது. நைனாவுக்கு அந்தக் காட்டில் வேலை போயிற்று. செங்கல் சூளைக்குப் போனார். பள்ளியில் என் பக்கத்து இடம் மறுபடியும் காலியானது. ஆனால் வீடு இருந்தது.

நான் அன்றைக்கு அழுத அழுகை அம்மாவுக்காகவோ வீட்டுக்காகவோ இல்லை. நம்மைத் தேடி வந்த தெய்வத்தை அம்மா ஒரு சட்டி ஈசலுக்காகத் துரத்திவிட்டாளே என்றுதான். “ஆத்தா பூட்டாளா?” என்று அவளிடம் கேட்டேன்.

“எங்க போவா? மண்ண வுட்டு எங்க போவா?” என்றாள். அதற்கு மேல் பேச அவளுக்குத் தெம்பு இல்லை.

அவள் தெரிந்தே செய்தாளா, பசியில் செய்தாளா என்று வளர்ந்த பிறகு கேட்டிருக்கிறேன். “பசிச்சுது, வறுத்தேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இப்போது நானும் ஒரகடம் பக்கம் கம்பெனியில் நின்றபடியே ஷிப்ட் முடித்து, வேனில் தலையைச் சாய்த்துத் திரும்புகிறவள். அந்த அளவுக்குக் கால் வலித்த பிறகுதான் அந்தக் காலையின் மிச்சம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். வேலைக்குப் போகவில்லை. சிறகுகளைப் பெருக்கவும் இல்லை. அந்தச் சிறகுகளின் மேலேயே, புற்றை ஒட்டி, ஒரு கையை அதன்மேல் போட்டுக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் அக்கா தங்கையைத் தொட்டுக்கொள்வது போல, வெயில் ஏறுகிற நேரத்தில் தூங்கிப்போனாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்து சித்தியைக் கூப்பிட ஓடினேன்.

கும்பிடுவது என்றால் கை கூப்பிக்கொண்டு நிற்பது என்று மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும்.